இங்கே ஓகே, அங்கே ரிஜெக்ட்!

அலுமினிய ஹவுசிங்கில் ஒரு துளை. டிராயிங்கில் 25 எச்7 என்று போட்டிருக்கிறது. விட்டம் 25.000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; 25.021ஐத் தாண்டக் கூடாது. ஆக, பட்டறைக்குக் கிடைக்கும் இடம் மொத்தமே 21 மைக்ரான். அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஐந்தாறு சி.என்.சி மெஷின் வைத்திருக்கும் ஒரு வெண்டர் இந்த ஜாபை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போர் கேஜ் போட்டுப் பார்த்தாயிற்று. 25.003, 25.004 என்று எல்லாம் ஓகே. வண்டி கிளம்பிவிட்டது. மறுநாள் கஸ்டமரின் இன்கமிங் இன்ஸ்பெக்ஷனிலிருந்து போன்: "துளை சின்னதா இருக்கு சார். சி.எம்.எம்ல 24.998 காட்டுது. மொத்த லாட்டையும் ஹோல்டு பண்ணிட்டோம்."

வெண்டர் கையிருப்பில் உள்ள ஜாபை எடுத்துத் திரும்பப் பார்க்கிறார். 25.003தான். கேஜில் தப்பில்லை என்று சொல்ல அவரிடம் கேலிப்ரேஷன் சர்ட்டிபிகேட் இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எதிர்த்தரப்பும் தன் சி.எம்.எம்மின், அதாவது முப்பரிமாண அளவீட்டு மெஷினின், சர்ட்டிபிகேட்டை அனுப்புகிறது. இரண்டுமே செல்லுபடியாகும் சர்ட்டிபிகேட்கள். பேச்சு அதற்கு மேல் நகராது. நகராத பேச்சை முடித்து வைப்பது டெபிட் நோட். சார்ட்டிங் கூலி, போக்குவரத்து, லைன் நின்றிருந்தால் அதற்கான பிடித்தம் எல்லாம் சின்னவர் கணக்கில் ஏறும்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கவனிக்க வேண்டியது, தன் ரீடிங் எப்படி வந்தது என்று விளக்கத் தெரியாதவர் நியாயம் தன் பக்கம் இருந்தாலும் தோற்றுப்போகிறார் என்பதை. தமிழ்நாட்டின் வாகன உதிரிபாகத் தொழிலில் இரண்டாம், மூன்றாம் அடுக்கில் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கு இன்று பெரிய குறை மெஷினிலும் ஆள் திறமையிலும் இல்லை. அளக்கும் முறையைப் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்லும் திறமையில்தான் இருக்கிறது. அந்தத் திறமையை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

டெட்ராய்ட்டில் தொடங்கியது

எம்.எஸ்.ஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அளவீட்டு முறை ஆய்வு, அமெரிக்காவின் மூன்று பெரிய கார் கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களுக்காக ஒன்றுகூடி எழுதிய கையேட்டின் வழியே உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பு ஃபோர்டுக்கு ஒரு விதி, ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒன்று, கிரைஸ்லருக்கு ஒன்று. மூவருக்கும் பொருள் கொடுத்த சப்ளையர் ஒரே கேஜுக்கு மூன்று விதமாகக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. 1988இல் மூன்று கம்பெனிகளும் ஒரு குழு அமைத்தன. எம்.எஸ்.ஏ கையேட்டின் முதல் பதிப்பு 1990இல் வந்தது. நான்காம் பதிப்பு 2010இல். நடுவே 1994இல் க்யூ.எஸ் 9000 வந்து, அதன் இடத்தை ஐ.எஸ்.ஓ/டி.எஸ் 16949 பிடித்து, 2016இல் அது ஐ.ஏ.டி.எஃப் 16949 ஆனது. கன்ட்ரோல் பிளானில் குறிப்பிட்டிருக்கும் ஒவ்வொரு வகை அளவுக் கருவிக்கும் புள்ளியியல் முறையில் ஆய்வு செய்திருக்க வேண்டும் என்பது இந்தத் தர நெறியின் நிபந்தனை. புதிய பாகத்துக்கு ஒப்புதல் வாங்கக் கொடுக்கும் பி.பி.ஏ.பி கோப்பில் 18 இனங்கள், எட்டாவது எம்.எஸ்.ஏ.

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் மறைமலை நகரில் ஃபோர்டும் உற்பத்தியைத் தொடங்கியபோது இந்த நிபந்தனைகளும் கூடவே வந்தன. பெரிய உதிரிபாக நிறுவனங்கள் அதற்குள் வெகுதூரம் போயிருந்தன. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. டி.வி.எஸ் மோட்டார் 2002இலும் ரானே பிரேக் லைனிங் 2003இலும் அதே பரிசைப் பெற்றன. இந்திய மண்ணுக்குப் புள்ளியியல் தரக் கட்டுப்பாடு புதிதும் அல்ல. அந்தத் துறையின் தந்தை எனப்படும் வால்டர் ஷூஹார்ட், புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பில் 1947-48இலேயே இந்தியா வந்து போனவர். இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் சென்னையிலும் கோவையிலும் இயங்குகின்றன.

அறிவு இருந்தது. அது பெரிய கேட்டுகளுக்கு உள்ளேயே தங்கிவிட்டது. முதல் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு இறங்கும்போது அந்த அறிவு ஒரு எக்செல் ஷீட்டாகச் சுருங்கியது. "இதை ஃபில் பண்ணி அனுப்புங்க" என்று ஒரு வரி மெயில். மஞ்சள் கட்டங்களில் 90 எண்களை நிரப்பினால் கீழே ஒரு சதவீதம் வரும். பச்சையாக வந்தால் கோப்பில் வைக்கலாம். சிவப்பாக வந்தால்? பல இடங்களில் எண்களை மாற்றிப் பச்சையாக்குகிறார்கள். ஆடிட்டுக்கு முந்தைய ராத்திரி ஆபீஸில் உட்கார்ந்து, கேஜைத் தொடாமலே 90 ரீடிங்கையும் எழுதுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அப்படி எழுதுகிறவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த ஷீட் எதற்கு என்று ஒருவரும் அவர்களிடம் சொன்னதில்லை.

முள் திரும்பும் இடம்

போர் கேஜ் என்பது எளிய கருவி. ஒரு தண்டு, கீழே துளையின் சுவரைத் தொடும் இரண்டு முனைகள், மேலே ஒரு டயல். முதலில் அளவு தெரிந்த மாஸ்டர் ரிங்கில் விட்டு முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துகிறோம். பிறகு ஜாபின் துளைக்குள் விட்டு, தண்டை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுகிறோம். ஆட்ட ஆட்ட முள் ஒரு பக்கமாகப் போய், ஒரு இடத்தில் நின்று திரும்பும். அந்தத் திரும்பும் இடம்தான் விட்டம். தண்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் துளை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதை மூன்று பேர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எம்.எஸ்.ஏ முழுவதும் புரிந்துவிடும். அனுபவசாலி மூன்று தடவை ஆட்டி, முள் ஒரே இடத்தில் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்வார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒரே ஆட்டில் சொல்லிவிடுவான். இன்னொருவர் முள்ளை நேராகப் பார்க்காமல் சாய்ந்து நின்று பார்ப்பார். ஒருவர் துளையின் வாயிலேயே அளப்பார், இன்னொருவர் அடிவரை இறக்குவார். ஒருவர் காட்டன் வேஸ்ட்டால் கூலன்ட்டைத் துடைப்பார், மற்றவர் துடைக்க மாட்டார். கேஜ் ஒன்று, ஜாப் ஒன்று, ரீடிங் மூன்று.

கேஜ் ஆர் அண்ட் ஆர் என்ற ஆய்வு பிடிப்பது இந்த வேறுபாட்டைத்தான். வழக்கமான முறையில் பத்து ஜாப், மூன்று ஆள், ஒவ்வொருவரும் மூன்று தடவை. மொத்தம் 90 ரீடிங். ஒரே ஆள் ஒரே ஜாபைத் திரும்பத் திரும்ப அளந்தும் எண் மாறுகிறது என்றால் அது ரிப்பீட்டபிலிட்டி. பெரும்பாலும் கேஜ், ஃபிக்ஸ்சர், பிடிமானம் ஆகியவற்றில் கோளாறு. ஆளுக்கு ஆள் சராசரி மாறுகிறது என்றால் அது ரீப்ரொட்யூசிபிலிட்டி. பெரும்பாலும் பழக்கிய விதத்தில் கோளாறு. எதைச் சரிசெய்ய வேண்டும், கேஜையா பயிற்சியையா என்பதை இந்த இரண்டு எண்களும் பிரித்துக் காட்டிவிடும். கேஜுக்குச் செலவிட வேண்டிய பணத்தைப் பயிற்சியிலும், பயிற்சியில் தீர வேண்டியதைப் புதுக் கேஜ் வாங்கியும் வீணாக்காமல் இருக்க இது ஒன்று போதும்.

ஆய்வு நேர்மையாக நடக்கச் சில ஒழுங்குகள் உண்டு. ஜாபின் எண் அளப்பவர் கண்ணில் படக் கூடாது. வரிசையைக் கலைத்துக் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர் வேறொருவராக இருக்க வேண்டும். முக்கியமாக, தினமும் லைனில் அளக்கிறவர்களே அளக்க வேண்டும். குவாலிட்டி ஆபீஸிலிருந்து மூன்று டிப்ளமோ இன்ஜினீயர்கள் இறங்கி வந்து அளந்த ஆய்வு அவர்களுடைய கைத்திறனைத்தான் காட்டும். இரவு ஷிஃப்ட்டில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது.

கேஜின் மிகச் சிறிய பிரிவு டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. 21 மைக்ரானுக்கு 2 மைக்ரான். 10 மைக்ரான் பிரிவுள்ள சாதாரண டயலை வைத்துக்கொண்டு இந்தத் துளையைப் பார்ப்பது காய்கறிக் கடைத் தராசில் தங்கம் நிறுப்பதுதான்.

வழக்கின் தீர்ப்பு

இப்போது 25.003க்கும் 24.998க்கும் வருவோம். நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் இருப்பதாகத்தான் உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1931இலிருந்து இதுவே வழக்கு. டிராயிங்கில் எழுதியிருக்காவிட்டாலும் இது பொருந்தும். வெயில் காலத்தில் சென்னைப் பட்டறைக்குள் 38 டிகிரி இருக்கும். எஃகு, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரியும். அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு, 23 மைக்ரான். 25 மில்லிமீட்டர் அலுமினியத் துளை 18 டிகிரி கூடுதல் சூட்டில் 10 மைக்ரானுக்குச் சற்று மேல் பெரிதாகிறது. எஃகில் செய்த மாஸ்டர் ரிங் 5 மைக்ரான்தான் பெரிதாகிறது. கேஜ் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும் கருவி என்பதால் வித்தியாசமான 5 மைக்ரானை ஜாபின் கணக்கில் ஏற்றிவிடும். பட்டறையில் 25.003 என்று தெரிந்தது, கஸ்டமரின் ஏ.சி. அறையில் 24.998. கேஜும் பொய் சொல்லவில்லை, சி.எம்.எம்மும் பொய் சொல்லவில்லை. டாலரன்ஸில் கால் பங்கை வெயில் விழுங்கிவிட்டது.

இந்தப் பிழை எந்த கேஜ் ஆர் அண்ட் ஆர் ஆய்விலும் தெரியாது. மூன்று பேரும் அதே சூட்டில்தான் அளந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி தப்பாக வந்தால் வேறுபாடு தெரிய வழியில்லை. கேலிப்ரேஷன் சர்ட்டிபிகேட்டிலும் தெரியாது, ஏனென்றால் கேலிப்ரேஷன் ஆய்வகம் 20 டிகிரியில் எஃகை வைத்துப் பார்த்தது. சர்ட்டிபிகேட், கருவி தன்னளவில் சரியா என்று சொல்லும். உங்கள் ஆள் உங்கள் ஜாபை உங்கள் பட்டறையில் வைத்து அளக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லாது. "கேலிப்ரேஷன் இருக்கு சார்" என்ற பதில் இதனால்தான் எந்தத் தகராறையும் தீர்ப்பதில்லை.

சூடு ஒரு காரணம். இன்னொன்று அதைவிட நுட்பமானது. மெல்லிய சுவருள்ள ஜாபை மூன்று தாடை சக்கில் இறுக்கிப் பிடித்துத் துளைபோட்டால், பிடித்திருக்கும்வரை துளை நல்ல வட்டம். தாடையைத் தளர்த்தியதும் உலோகம் பழைய நிலைக்குத் திரும்ப முயன்று, துளை மூன்று மூலை கொண்ட வடிவமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. எதிரெதிராக இரண்டு முனையால் தொடும் போர் கேஜுக்கும் தெரியாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே விட்டத்தையே காட்டும், ஏனென்றால் ஒரு பக்கம் உள்ளே வந்த அளவு எதிர்ப்பக்கம் வெளியே போயிருக்கிறது. ஆனால் துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் பிளக் கேஜ் உள்ளே போகாது. சி.எம்.எம், எத்தனை புள்ளிகளைத் தொட்டது, எந்தக் கணக்கில் வட்டம் போட்டது என்பதைப் பொறுத்து வேறொரு எண் சொல்லும். அதே பட்டறையில் போர் கேஜ் ஓகே சொல்லி, கோ பிளக் நுழையாமல் நின்றால் பலர் பிளக்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகப்பட வேண்டியது சக்கின் இறுக்கத்தை.

ஒரே கணக்கு, மூன்று விடை

எக்செல் ஷீட்டின் அடியில் வரும் சதவீதம்தான் அதிகக் குழப்பம் தருகிறது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் கேஜ் நல்லது, 10 முதல் 30 வரை நிலைமையைப் பொறுத்து ஏற்கலாம், 30ஐத் தாண்டினால் ஆகாது என்று எல்லோருக்கும் மனப்பாடம். எதில் 10 சதவீதம் என்று கேட்டால் பதில் வராது.

நம் துளையையே எடுத்துக்கொள்வோம். கேஜும் ஆளும் சேர்ந்து உண்டாக்கும் சிதறலின் திட்ட விலக்கம் 1 மைக்ரான், ஜாபுக்கு ஜாப் உள்ள உண்மையான வேறுபாட்டின் திட்ட விலக்கம் 3 மைக்ரான் என்று வையுங்கள். மொத்தச் சிதறலோடு ஒப்பிட்டால் கேஜின் பங்கு 31.6 சதவீதம்; ஃபெயில். 21 மைக்ரான் டாலரன்ஸோடு ஒப்பிட்டால் 28.6, நடுத்தரம். சில மென்பொருள்கள் வர்க்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டும் பங்களிப்புச் சதவீதம் வெறும் 10. மூன்றும் ஒரே 90 ரீடிங்கிலிருந்து வந்தவை. வெண்டர் ஒன்றை அனுப்ப, கஸ்டமர் மற்றொன்றை நினைத்துக்கொண்டு படிக்க, மெயில் போர் மூளும்.

பங்களிப்புச் சதவீதத்துக்கு 10-30 விதி பொருந்தாது. அங்கே 9 சதவீதமே மற்றதில் 30க்குச் சமம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். அடிப்படையிலேயே இந்தச் சதவீதக் கணக்கு சரியில்லை, கூட்டினால் நூறு வராத எண்களைச் சதவீதம் என்று அழைப்பது தப்பு என்று டொனால்ட் வீலர் போன்ற புள்ளியியலாளர்கள் நெடுநாளாக எழுதிவருகிறார்கள். அவர்கள் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ஆடிட்டர் கேட்பது இந்த எண்ணைத்தான் என்பதால் வெண்டர் இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதே இப்போதைக்கு வழி.

பத்து ஜாபை எப்படிப் பொறுக்குகிறோம் என்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்தில் வந்த பத்தை எடுத்தால் அவை ஒன்றுபோல இருக்கும். ஜாப் வேறுபாடு 1 மைக்ரான்தான் என்றால் அதே கேஜ் 70.7 சதவீதம் காட்டும். ரிஜெக்ஷன் தொட்டியிலிருந்து பெரிதும் சிறிதுமாகப் பொறுக்கி, ஜாப் வேறுபாட்டை 10 மைக்ரானாக்கினால் அதே கேஜ் 10 சதவீதத்துக்கும் கீழே வந்து பாஸாகிவிடும். கேஜ் மாறவில்லை, ஆள் மாறவில்லை. பல நாள், பல ஷிஃப்ட், டூல் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் என்று உற்பத்தியின் உண்மையான வீச்சிலிருந்து எடுத்தால்தான் விடைக்குப் பொருள் உண்டு.

மிகவும் வேதனையானது இது. ஒரு வெண்டர் கஷ்டப்பட்டு, நல்ல டூல் வாங்கி, கூலன்ட்டைச் சீராக்கி, 3 மைக்ரான் சிதறலை 2 ஆக்குகிறார். கேஜ் பழையதுதான். முன்பு 31.6 காட்டிய சதவீதம் இப்போது 44.7 ஆகிறது. அவர் முன்னேறியதற்குப் பரிசாகக் கேஜ் ஃபெயில்! இன்னொரு பக்கம், டாலரன்ஸை ஆறு மடங்கு திட்ட விலக்கத்தால் வகுத்து வரும் அவருடைய உண்மையான செயல்திறன் எண் 1.75, கேஜின் சிதறலும் சேர்ந்துகொள்வதால் தாளில் 1.57தான் தெரியும். புதிய பாகத்துக்குக் கஸ்டமர் கேட்பது 1.67. நல்ல மெஷின், நல்ல ஆள், நல்ல ஜாப். கேஜ் ஒன்றினால் ஒப்புதல் நிற்கிறது. இதை விளக்கத் தெரிந்தவர் நல்ல கேஜுக்குக் காசு கேட்டு முதலாளியிடம் வெல்வார், அவகாசம் கேட்டுக் கஸ்டமரிடமும் வெல்வார். தெரியாதவர் மெஷினை மாற்றச் சொல்லி லட்சங்களைக் கொட்டவைப்பார்.

எண் இருந்தும் கேள்வி எழாதபோது

அளவைப் பற்றிப் பேசாமல் விடுவதன் விலை டெபிட் நோட்டோடு நிற்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் இதற்குச் சாட்சி. சாவியைத் திருப்பத் தேவையான முறுக்கு விசை 20 நியூட்டன் சென்டிமீட்டர், கூடக் குறைய 5 என்பது நிர்ணயம். சப்ளையரான டெல்ஃபை செய்துகொடுத்த சுவிட்சில் அது 15க்கும் கீழே இருந்தது. சோதனையில் அந்த எண் தெரிந்தது, இரு தரப்புக்கும் தெரிந்தது. இருந்தும் 2002இல் ஒப்புதல் கிடைத்தது. சாவி லேசாக இடிபட்டாலும் ஓடும் காரில் சுவிட்ச் நழுவி, இன்ஜின் அணைந்து, விபத்தில் ஏர்பேக் விரியாமல் போனது. 2014இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதியம் ஒப்புக்கொண்ட மரணங்கள் 124. அங்கே கேஜ் தவறவில்லை. நிர்ணயத்துக்குக் கீழே ஒரு எண் இருந்தால் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று யாரும் யாரையும் உட்காரவைத்து விளக்கிக்கொள்ளவில்லை.

யாரிடம் எப்படிச் சொல்வது

பட்டறையில் மூன்று பேரிடம் மூன்று விதமாகப் பேச வேண்டியிருக்கிறது. மெஷினில் நிற்பவரிடம் சதவீதம் பேசிப் பயனில்லை. அவருடைய முப்பது ரீடிங்கையும் பக்கத்து மெஷின்காரரின் முப்பதையும் ஒரு சார்ட் தாளில் புள்ளியாக வைத்துக் காட்டினால் போதும். எவருடைய கை அலைபாய்கிறது என்று அவரே சொல்லிவிடுவார். இதைத் தண்டனையாக்கிவிடக் கூடாது. ஆய்வில் பெயர் கெட்டதென்றால் அடுத்த முறை அவர் முந்தைய ரீடிங்கை ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே சொல்வார், ஆய்வு அன்றோடு செத்துவிடும்.

முதலாளியிடம் பேச வேண்டியது ரூபாயில். எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் கேஜ் தடுமாறும் ஒரு பட்டை இருக்கிறது. நம் உதாரணத்தில் கூடக் குறைய 3 மைக்ரான். அந்தப் பட்டைக்குள் விழும் நல்ல ஜாப் சில ஸ்கிராப் ஆகின்றன, கெட்ட ஜாப் சில கஸ்டமரிடம் போகின்றன. மாதம் எத்தனை ஜாப் அந்தப் பட்டையில் விழுகின்றன என்று அவருடைய சொந்த ரெக்கார்டிலிருந்தே எண்ணிக் காட்டலாம். தடுமாற்றம் குறைந்த ஒரு ஏர் கேஜின் விலையும் அதே தாளில் இருக்கட்டும்.

கஸ்டமரிடம் பேசுவதுதான் பலரும் அஞ்சும் இடம். அஞ்ச வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஓ 14253-1 என்ற சர்வதேசத் தர நெறி, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், இதற்குத் தெளிவான நியாயம் வைத்திருக்கிறது. "சரியான பொருள்" என்று நிரூபிக்க வேண்டிய சப்ளையர் தன் அளவின் நிச்சயமின்மையை எல்லைக்கு உள்ளே கழித்துக்கொள்ள வேண்டும். "தப்பான பொருள்" என்று நிரூபிக்க வேண்டிய கஸ்டமர் தன் நிச்சயமின்மையை எல்லைக்கு வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். கஸ்டமரின் சி.எம்.எம் அளவில் நிச்சயமின்மைக்காக ஒதுக்க வேண்டியது 3 மைக்ரான் என்றால், 24.998ஐ வைத்து மட்டும் அந்தத் துளையைத் தப்பென்று நிரூபிக்க முடியாது, 24.997க்குக் கீழே போயிருக்க வேண்டும். அதேபோல, தானும் 3 மைக்ரான் ஒதுக்க வேண்டியிருந்தால், வெண்டரும் 20 டிகிரியில் 25.003க்கு மேல் காட்டினால்தான் சரியென்று நிரூபித்தவர் ஆவார். இடைப்பட்டதில் இருவருமே நிரூபிக்கவில்லை, உட்கார்ந்து பேச வேண்டும். "உங்க சி.எம்.எம்மோட நிச்சயமின்மை எவ்வளவு சார்?" என்று மரியாதையாகக் கேட்க ஒரு வெண்டருக்கு உரிமை இருக்கிறது என்பதையே நம் ஊரில் பெரும்பாலோர் அறியவில்லை.

அதைவிட நல்லது, சண்டை வருவதற்கு முன்பே ஒத்துப்பார்ப்பது. எண் பொறித்த பத்து ஜாபை வெண்டர் அளந்து, அதே பத்தைக் கஸ்டமரிடம் அனுப்பி, இரு பட்டியலையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை எழுத வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் சூடோ மாஸ்டரோ காரணம். தாறுமாறாக வந்தால் அளக்கும் இடமோ வடிவமோ காரணம். எந்த ஆழத்தில் அளப்பது, எத்தனை புள்ளி, எந்த ஃபிக்ஸ்சர், அளப்பதற்கு முன் எத்தனை மணி நேரம் ஏ.சி. அறையில் வைப்பது என்று டிராயிங் கைக்கு வந்த வாரத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிட்டால், 24.998 என்ற போன் வரும்போது பேச ஒரு தாள் இருக்கும்.

கண்ணால் பார்க்கும் இன்ஸ்பெக்ஷனுக்கும் இதே நியாயம்தான். காஸ்டிங்கில் புளோ ஹோல் இருக்கிறதா, பெயின்ட்டில் கீறல் இருக்கிறதா என்று ஓகே, நாட் ஓகே சொல்கிற இடத்தில் 50 பீஸ், மூன்று ஆள், மூன்று தடவை என்று சோதிக்கலாம். அதே ஆள் அதே பீஸைக் காலையில் ஓகே என்றும் மாலையில் நாட் ஓகே என்றும் சொல்வது அங்கே முதல் நாளே வெளிவரும். பல வெண்டர்கள் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை, அவர்கள்மேல் வரும் புகார்கள் பல இந்த இடத்திலிருந்தே வந்தாலும்.

பாடம் எந்த மொழியில்?

இன்று தமிழ்நாட்டு மெஷின் ஷாப்புகளில் கேஜ் பிடிப்பவர்களில் ஐ.டி.ஐ முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் மாறிக்கொண்டே இருப்பதால், ஆய்வில் அளந்த மூவரில் ஒருவரும் ஆறு மாதம் கழித்து அந்த லைனில் இல்லாமல் போகலாம். கோப்பில் மட்டும் அவர்களுடைய பச்சை எண் பத்திரமாக இருக்கும். ஆள் மாறினால் அந்த ஆளை வைத்து ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும்; இது அலுவலக வேலை போலத் தோன்றினாலும் இரவு ஷிஃப்ட்டின் ஜாபைக் காப்பாற்றுவது இதுதான். வேலைமுறைத் தாள் ஆங்கிலத்தில் லேமினேட் செய்யப்பட்டு மெஷின்மேல் தொங்குகிறது. தமிழிலும் இந்தியிலும் நான்கு வரி, முள் திரும்பும் இடத்துக்கு ஒரு படம் என்று அதை மாற்றுவதற்கு எந்தத் தர நெறியும் தடை சொல்லவில்லை.

முதல் அடுக்கு நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களின் தர முறையை வளர்த்தெடுக்க வேண்டும் என்று ஐ.ஏ.டி.எஃப் 16949 அவர்களுக்கே கட்டளையிடுகிறது. ஹோட்டல் ஹாலில் ஒரு நாள் பவர்பாயின்ட் காட்டி, பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்து அந்தக் கடமையை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பயிற்சி வெண்டரின் ஷாப் ஃப்ளோரில், வெண்டரின் ஜாபை வைத்து, மெஷினில் நிற்பவரின் கையில் கேஜைக் கொடுத்து நடக்க வேண்டும். கிண்டியிலும் கோவையிலும் அம்பத்தூரிலும் உள்ள ஐ.டி.ஐகளில் மைக்ரோமீட்டர் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கேயே மூன்று மாணவர்களை உட்காரவைத்து, பத்து ஜாபைக் கலைத்துக் கொடுத்து, 90 ரீடிங் எடுக்கச் செய்யலாம். ஏற்கெனவே லேபில் இருக்கும் ஒரு மைக்ரோமீட்டர், ஸ்கிராப்பில் கிடக்கும் பத்து பீஸ், கரும்பலகை. செலவென்று எதுவும் இல்லை, ஒரு மதிய வேளை போதும்.